மூன்று விரலுக்குச் செதுக்கிய பிடி

இப்படி ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். கோட்டுச்சேரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போன ஐப்பசியில் அத்தானை, ஊர் சொல்தா என்று கூப்பிடுகிறவரை, பார்த்துவிட்டு வெளியே வந்ததும், டீக்கடையில் நாலு பேர் காதுபடச் சொன்னேன்: "சொல்தா கையை மறுபடியும் சட்டைப்பைக்குள்ள விட்டுட்டார். இனி தாங்காது." டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தும் சொல்லாததை, நான் சட்டைப்பையைப் பார்த்துச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது வேறு கதை. சொன்னது பலித்துவிட்டது. பலிக்காமல் போயிருந்தால் என்னை விடச் சந்தோஷப்படுகிறவன் இந்த வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டான்.

செய்தி வந்தபோது நான் பட்டினச்சேரியில் ஒரு கொடுவாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குத்தான். வாய் கட்டிக் கிடக்கிறவருக்குக் குழம்புச் சாறாவது இறங்கட்டும் என்று வந்திருந்தேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

"இருப்பா, மீனை முடிச்சுட்டு வரேன்."

"மீன் வேணாம்ணே."

எனக்கு முன்னால் மீன்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த மீனை வாங்கிக் கூடைக்குள் போட்டார். "துக்க வீட்டுக்கு மீனோடயா போவீங்க? வண்டில ஏறுங்கய்யா" என்றார். உலகத்தில் எந்தப் பேரத்தையும் நான் பாதியில் விட்டதில்லை. அன்று விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்குக் கலியபெருமாள் என்ற பெயர் வேண்டியதில்லை, சொல்தா என்றால் போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை நம் காரைக்கால் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம். என் அக்கா தனபாக்கியத்தின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். பட்டாளத்தில் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எப்படிப் போயின என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் குண்டு கொஞ்சம் பெரிதாகியிருக்கும், எதிரிகள் கொஞ்சம் கூடியிருப்பார்கள். அவரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "போச்சு. போனதுக்கு என்ன பேச்சு?"

ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்தக் கை சட்டைப்பையில்தான் இருந்தது. வேட்டி கட்டினாலும் பக்கவாட்டில் பை வைத்துத் தைத்த சட்டைதான் போடுவார். வலது கையை வெளியே எடுக்க வெட்கம். இடது கையால் கொடுத்தால் நம் ஜனங்கள் வாங்குவார்களா? மாட்டார்கள். ஆகவே அவர் யாருக்கும் எதையும் கையில் கொடுப்பதையே விட்டுவிட்டார். கல்யாண மொய்யானாலும் கோயில் நன்கொடையானாலும் எதிரே இருக்கிற பலகையில் இடது கையால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். "பிரான்சு பென்ஷன் திமிரு" என்று பேசிக்கொண்டார்கள். நானே பேசியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதம், அவர் மகள் மல்லிகாவுக்குப் போலகத்தில் மாப்பிள்ளை நிச்சயமானது. தாம்பூலத் தட்டு மாற்றும்போது அத்தான் ஒதுங்கி நின்றுகொண்டு தம்பி கோவிந்தராசுவை முன்னால் தள்ளினார். மாப்பிள்ளையின் பெரிய அத்தை ஒருத்தர் வந்திருந்தார், பாக்குவெட்டி மாதிரி வாய்.

"பொண்ணப் பெத்தவரு கைய ஏன் பையிலயே வெச்சிருக்காரு? உள்ள என்ன, பிரான்சுப் பணமா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. யாரோ அந்த அம்மாள் காதில் விஷயத்தை ஓதினார்கள். ஓதியதும் குரலைத் தாழ்த்தினார். ஆனால் அவர் தாழ்த்திய குரல் தெருக்கோடி வரை கேட்கும். "அப்ப தாரை வார்க்க வேற ஆளப் பாருங்க. மூளிக் கையால வேணாம்."

கன்னிகாதானம் என்றால் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் தகப்பன் வைக்க வேண்டும், தாய் நீர் வார்க்க வேண்டும். வலது கை இல்லாமல் ஆகிற காரியமா அது? அத்தான் அந்த அம்மாளோடு சண்டைக்குப் போகவில்லை. "தம்பி வார்ப்பான்" என்று தலையை ஆட்டிவிட்டார். அன்று அக்கா அடுப்படியில் நின்று கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

"பெத்தது நீங்க, குடுக்கறது உங்க தம்பியா?"

அத்தான் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அக்காவும் அதன் பிறகு அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். கல்யாணம் ஆவணியில். தாய்மாமன் நான் இருக்கிறேன், எல்லாவற்றையும் சரி செய்துவிடுகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலே சொல்கிற தைரியம் எல்லாருக்கும் வராது.

மாசி மகத்துக்குப் பெருமாள் கடலுக்கு எழுந்தருளினார். பட்டினச்சேரிக் கரை முழுக்கக் கூட்டம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் கடை. பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, காற்றுத் துப்பாக்கியால் சுடச் சொல்வார்களே, அதுதான். கடைக்காரர் வெளியூர்க்காரர். யாரோ சொல்தா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுக் கத்தினார்: "பட்டாளத்து ஐயா! சும்மா போறீங்களே! சுட்டு ஒரு சோப்பு டப்பாவாவது வீட்டம்மாவுக்கு ஜெயிச்சுக் குடுங்க!"

அத்தான் நின்றார். பைக்குள் அந்தக் கை அசைந்ததை நான் பார்த்தேன், ஓணானைத் துணிக்குள் பிடித்து வைத்த மாதிரி. பிறகு நடந்துவிட்டார். வெகுதூரம் போன பின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "அவ்வளவு நீளத் துப்பாக்கி என் கைக்கு ஆகாது. பிஸ்டலா இருந்தா, பிடியை மாத்திப் பார்க்கலாம்."

"வாங்கிடுவோம் அத்தான்!" என்றேன். இந்தப் பிஸ்டல் விஷயத்தில் யோசனை அவருடையது என்று சிலர் சொல்கிறார்கள். "வாங்கிடுவோம்" என்றது யார் என்று கேளுங்கள்.

பங்குனியில் மதராஸுக்கு பஸ் ஏறினோம். துறைமுகத்துக்கு எதிரே கப்பலில் வந்த வெளிநாட்டுச் சாமான்களை விற்பார்களே, அங்கே. ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வெல்வெட் விரித்த பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு காற்றுப் பிஸ்டல். கறுப்பு மினுமினுப்பு, தேக்கு நிறத்தில் பிடி. "காத்துல சுடறது, லைசென்ஸ் வேணாம், ராஜா மாதிரிச் சாமான்" என்றார். நான் அதைத் தூக்கி, கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பின்வாங்கும்படி குறி பார்த்தேன்.

"இது வேணாம்" என்றார் அத்தான். "மட்டமானது இருக்கா?"

கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். எந்தத் தேசத்துச் சாமானோ, பிளாஸ்டிக் பிடி, பூச்சு உதிர்ந்த இரும்பு, விசை நாக்கை இழுக்க மாடு கட்டி இழுக்க வேண்டும்.

"ஊர்ல கேட்டா என்ன சொல்றது அத்தான்? மதராஸ் வரைக்கும் வந்து பொம்மைத் துப்பாக்கி வாங்கினோம்னா?"

"நல்லதுல அரம் வைக்க மனசு வராது மச்சான். இதுல வைக்கலாம்."

ஒவ்வொன்றாக எடுத்து, குழாயை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். இடது கையால்தான். கடையில் இருந்த நூறு பிஸ்டலையும் பார்த்தார். சரி, பத்து இருக்கும்.

"எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர் எரிச்சலோடு.

"ஒண்ணு இல்ல. இதுக்குத்தான் குழாய் நேர். குழாய் நேரா இருந்தாப் போதும், மத்ததெல்லாம் நம்ம கைவேலை."

திரும்பி வரும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் நான் நடுங்கினேன் என்று அத்தான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். பொய். காரைக்காலிலிருந்து வெளியே போகிற பையில்தான் சாராய பாட்டில் தேடுவார்கள், உள்ளே வருகிற பையை யார் தொடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அவரைக் கேட்டேன், "இடது கையால சுட்டுடலாமே அத்தான், எதுக்கு இந்தப் பாடு?" என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இடது கையால எதைக் குடுத்தாலும் எவன் வாங்குறான்?" நான் பலூனைப் பற்றிக் கேட்டேன், அவர் வேறு எதற்கோ பதில் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

பிடி செதுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பூவரசங்கட்டை. இந்த மாவட்டத்தில் என்னைப் போல் உளி பிடிக்கிறவன் இல்லை. ஆனால் கையைக் காட்டாதவருக்குப் பிடி எப்படிச் செய்வது? நான் யோசித்தேன். என் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மிச்சம் மூன்று விரலுக்குத் தோதாகச் செதுக்கினேன். வழவழவென்று தேய்த்து, எண்ணெய் போட்டு, கொல்லையில் அவர் முன்னால் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பிடித்துப் பார்த்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"மச்சான்," என்றார் திரும்பாமலே, "மடக்குன விரல் வேற. இல்லாத விரல் வேற."

மடக்கின விரல்கள் அடைத்துக்கொள்கிற இடம் அவர் கையில் வெறுமையாக இருந்தது. என் பிடி அந்த வெறுமைக்குள் கல் மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. எத்தனையோ பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறோம். எல்லாரும் விரலை மடக்கி வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறோம் என்று அந்தக் கொல்லையில் எனக்கு விளங்கியது.

மறுநாள் அரசலாற்றுக் கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து பிசைந்து வைத்தேன். "நான் அந்தப் பக்கம் போறேன், நீங்க இறுக்கிப் பிடிச்சுட்டு வெச்சிடுங்க" என்றேன். திரும்பி வந்தபோது மண் பலகை மேல் இருந்தது, அவர் கை பைக்குள் போயிருந்தது. அவர் ஊர் திரும்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கையை நான் முதலில் மண்ணில்தான் பார்த்தேன். கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஆழமாக. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மண் புடைத்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு ஒளிக்க முடியவில்லை. மரம் களிமண் மாதிரி ஒரே பிடியில் சொன்னபடி கேட்காது. பிடித்துப் பார்க்க வேண்டும், செதுக்க வேண்டும், மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே வேலை. நான் ஒரு கட்டையைப் பிளந்தேன், இன்னொன்றைக் கோணலாக்கினேன். அவர் இடது கையில் அரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல அதை நேராக்கினார். மோதிரவிரலால் இழுக்கும்படி விசை நாக்கை நீட்டினோம், உள்ளங்கை உட்கார அடியில் ஒரு திட்டு வைத்தோம். நான் வாய் ஓயாமல் கதை அளந்துகொண்டிருப்பேன். ஒருநாள் அரத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னையும் அந்த அட்டைப்பெட்டியிலேருந்துதான் எடுத்திருக்கேன் போலிருக்கு மச்சான். பூச்செல்லாம் மோசம். குழாய் மட்டும் நேர்."

எனக்கு இதுவரை கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஆனி மாதம் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவனியில் மாடியிலிருந்து இறைத்த மாம்பழத்தைப் பிடிக்கிற கூட்டத்தில் நீந்தி நானும் அத்தானும் பலூன் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே கடைக்காரர். நான் மஞ்சள் துணிப்பையிலிருந்து பிஸ்டலை எடுத்ததும், "சொந்தத் துப்பாக்கிக்குப் பரிசு கிடையாது" என்றார். "பரிசை நீயே வெச்சுக்க. பலூன் காசு வாங்கிக்க" என்றேன். அத்தான் பையிலிருந்து கையை எடுத்தார். வெளிச்சத்தில். அத்தனை பேருக்கு நடுவில். போலகத்துக்காரர்கள் கூட இருந்தார்கள். பிடி அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்தது, பிள்ளை இடுப்பில் உட்காருகிற மாதிரி. உச்சி வரிசையில் ஓரமாக ஒரு மஞ்சள் பலூன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் குறி வைத்தார். டப்பென்று ஒரே அடி. கூட்டம் போட்ட சத்தத்தில் தேரடி வரைக்கும் திரும்பிப் பார்த்தது. இதை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் என் வாயால் கேட்டிருப்பீர்கள்.

ஆவணியில் கல்யாணம். கோவிந்தராசு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மணவறைக்கு ஏறத் தயாராக நின்றார். அத்தான் அவர் தோளில் கையை வைத்தார், வலது கையை. "நீ உக்காருடா தம்பி" என்றுவிட்டு ஏறினார். மல்லிகாவின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்து, தன் கையை மேலே ஏந்தினார். அக்கா செம்பைச் சாய்த்தாள். நீர் அந்த இரண்டு விரல் இல்லாத சந்தில் வழிந்து மல்லிகாவின் பட்டுப் புடவையிலும் கொட்டியது. போலகத்து அத்தைக்குப் பொறுக்குமா?

"தண்ணி ஒழுகுதே!"

"ஒழுகினா என்னம்மா," என்றார் அத்தான், "எம் பொண்ணு மேலதானே விழுது."

அக்கா செம்பு காலியான பிறகும் சாய்த்துக்கொண்டே நின்றாள். தாய்மாமன் முறைக்கு நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டியவன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். அன்று பந்தியில் வெற்றிலை பாக்கை ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்தார். வாங்காதவர் ஒருத்தர் இல்லை. அதன் பிறகு எத்தனை வருஷம் அந்தக் கையால் உங்களுக்கெல்லாம் கொடுத்திருப்பார்! இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கையிலிருந்து திருநீறோ மாம்பழமோ வாங்காதவர்கள் குறைவு.

போன ஐப்பசியில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? நான் பிஸ்டலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன். பிடி நழுவிப் பாயில் விழுந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி, பைக்குள் மெல்ல இறக்கினார்.

"ஏன் அத்தான் உள்ள வைக்கிறீங்க?"

"தூங்குது மச்சான்." வாய் குழறியது. "தூங்குறத எதுக்கு வெளியில போட்டு வைக்கணும்?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்று டீக்கடையில் அப்படிச் சொன்னேன்.

கிடத்தியபோது, உறவுக்காரர் யாரோ நல்லெண்ணத்தோடு அந்தக் கையைக் கோடித் துணிக்குள் மறைத்துவிட்டார்கள். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். துணியை விலக்கி, கையை வெளியே எடுத்து, நெஞ்சின் மேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும்" என்றாள். வேறு யாரும் அதைத் தொடவில்லை.

பிஸ்டலை மல்லிகா என்னிடம் கொடுத்துவிட்டாள். "மாமா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். தினமும் எடுத்துப் பிடித்துப் பார்க்கிறேன். பிடிக்க முடியவில்லை. ஐந்து விரல் இருக்கிற எவனாலும் முடியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் என்னுடைய இரண்டு விரல் கூடுதலாக நிற்கிறது. இதுவும், என் குழாய் நேர் என்று அவர் சொன்ன சொல்லும்தான் என்னிடம் மிச்சம்.

அந்தச் சொல்லுக்காக ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். குண்டைப் பெரிதாக்கியது, நூறு பிஸ்டல் என்றது எல்லாம் வழக்கமான பூச்சு, அதை விடுங்கள். மஞ்சள் பலூன் உடையவில்லை. அன்று எந்தப் பலூனும் உடையவில்லை. முதல் குண்டு பலகையில் பட்டது, அடுத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாது. கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தானும் சிரித்தார், அந்தக் கையாலேயே நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு. பிறகு அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பலகையைத் தேடாமல், பின்வாங்காமல், வலது கையை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா மச்சான். நீ சுடு."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.